பாதத்துக்கு அரை மணி நேரம்

அம்மா முதன்முறை சிங்கப்பூர் வந்தபோது அவருக்கு 68 வயது. சைனாடவுனில் மஞ்சளும் பச்சையுமாக நிற்கும் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸுக்கு அழைத்துப் போனேன். பாதப் புள்ளிகளை அழுத்திச் செய்யும் ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் பேர்போன இடம் அது.

அங்கிருந்த சீனப் பெண்மணி முதலில் கேட்டது, சர்க்கரை நோய் உண்டா, காலில் புண், ரத்தக்கட்டு ஏதும் உண்டா என்றுதான். எதுவும் இல்லை என்றேன். வெதுவெதுப்பான நீரில் கால்களைக் கழுவித் துடைத்துவிட்டு, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து அம்மாவின் வலது பாதத்தைத் தன் மடிக்கு இழுத்தார். அம்மா சட்டென்று காலை உள்ளிழுத்துக்கொண்டார்.

"என் வயசு இருக்கும் போல. அவங்க போய் என் காலைத் தொடுறதா?"

சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன். சுவரில் ஒரு பாத வரைபடம்: பெருவிரல் தலைக்கு, உள்விளிம்பு முதுகெலும்புக்கு. அந்த வரைபடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1917-ல் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், உடலை நெடுக்குவாட்டில் 10 மண்டலங்களாகப் பிரித்து, எட்வின் பவர்ஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். பிறகு யூனிஸ் இங்காம் என்பவர் அந்தக் கருத்தைப் பாதங்களுக்குக் கொண்டுவந்து, 1938-ல் தன் நூலை வெளியிட்டார். இன்றைய வரைபடங்களுக்கு அவர் பணிதான் அடிப்படை. பாதத்தின் ஒரு புள்ளியை அழுத்தினால் கல்லீரலோ சிறுநீரகமோ சீராகும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. மனப்பதற்றம் தணிகிறது, உடல் தளர்ந்து ஓய்வு கொள்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அளவுக்கு நான் நம்புகிறேன். அன்று கண்ணாலும் பார்த்தேன்.

குதிகாலில் கட்டைவிரல் பதிந்தபோது அம்மா "ஸ்ஸ்" என்றார். அந்தப் பெண்மணி நிமிர்ந்து முகத்தைப் பார்த்து அழுத்தத்தைக் குறைத்தார். பத்து நிமிடத்தில் அம்மா தூங்கிவிட்டார். பகலில் அவர் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை.

"கால் உளையுதுடி" என்று அம்மா சொல்லாத ராத்திரி என் சிறுவயதில் இல்லை. விடியற்காலை அடுப்படியில் நிற்கத் தொடங்கினால் இரவு வரை நின்ற கால்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அத்தனையும் எங்களுக்காக உழைத்தன. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், ஒருவரும் அந்தக் கால்களைத் தொடவில்லை. தொட்டது, மொழி தெரியாத ஒரு பெண்மணி.

விழித்ததும் அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

அன்றிரவிலிருந்து, அம்மா ஊர் திரும்பும்வரை, நல்லெண்ணெய் தொட்டு நானே அவர் காலைப் பிடித்துவிட்டேன். எனக்கு எந்தப் புள்ளியும் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன்.

நோய்க்கு மருத்துவரிடம் போங்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளும், காலில் ரத்தக்கட்டு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் காலை அழுத்தக் கொடுக்க வேண்டாம். மற்றபடி, உங்கள் வீட்டில் யாராவது கால் உளைகிறது என்று சொன்னால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் அரை மணி நேரம் உட்காருங்கள்.