சூடானா நிக்கிற வண்டி

எங்க திருமானூர் பக்கம் வண்டி பழுதானா முதல்ல வர்ற கேள்வி "எந்த பார்ட் மாத்தணும்?"ங்கிறதுதான். எதனால நின்னுச்சுங்கிற கேள்வி அப்புறம்தான் வரும். பல நேரம் வராமலே போயிடும். சித்தப்பாவோட பழைய டூ ஸ்ட்ரோக் மொபட்டுக்காக நாங்க அந்த ரெண்டாவது கேள்வியோட ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம்.

1980ல ஓசூர்லேருந்து டிவிஎஸ் 50 வெளிவந்த பிறகு, தமிழ்நாட்டு ஊர்கள்ல மொபட்னா சின்ன லாரி மாதிரி ஆயிடுச்சு. பால் கேன், கீரைக்கட்டு, உர மூட்டை எல்லாம் அதுலதான் போகும். சித்தப்பா விடியக்காலம் வாழை இலைக் கட்டு ஏத்திக்கிட்டு கொள்ளிடம் பாலம் தாண்டி திருவையாறு போவார். அவரோடது நாலு கை மாறி வந்த வண்டி. கிளம்பிப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல, சரியா பாலத்துக்கிட்ட, பட்டுன்னு நின்னுடும். பின்னாடி லோடு லாரிங்க ஹாரன் அடிச்சுக்கிட்டு வரும். அரை மணி நேரம் விட்டா ஒரே உதையில கிளம்பிடும். ஆனா இலை லேட்டாப் போச்சுன்னா ஹோட்டல்காரர் வேற ஆள்கிட்ட வாங்கிடுவார்.

பிளக் மாத்தியாச்சு, இக்னிஷன் காயில் மாத்தியாச்சு. அடுத்தது சிடிஐ மாத்திப் பார்க்கலாம்னு பேச்சு. "இதுக்கு மேல செலவு பண்ண முடியாது தம்பி, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்"னார் சித்தப்பா.

இந்த மாதிரி பழுதுல ஒரு சிக்கல் இருக்கு. தள்ளிக்கிட்டு ஒர்க்‌ஷாப் போறதுக்குள்ள எஞ்சின் ஆறிடும். அங்க நல்லா ஓடும். அதனால மெக்கானிக் ஊகத்துலதான் பார்ட் மாத்த வேண்டியிருக்கும். நாங்க பழுதை எங்களுக்குத் தோதான இடத்துல வரவைக்கணும்னு முடிவு பண்ணினோம். பாலத்துல நின்னு பார்க்கிறது ஆபத்து. போக்குவரத்து இல்லாத கொள்ளிடக் கரை ரோட்ல, சித்தப்பா மேலயும் கீழயும் ஓட்டினார். நாலாவது சுத்துல நின்னுச்சு.

முதல் கேள்வி: பெட்ரோலா, கரண்டா? பெட்ரோல் டேங்க் மூடியில ஒரு குட்டி ஓட்டை இருக்கும். அது அடைச்சுக்கிட்டா உள்ள காத்து போகாது, பெட்ரோல் இறங்காது. அப்பவும் கொஞ்ச தூரம் ஓடி நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு கிளம்பும். அதனால உடனே மூடியைத் திறந்து உதைச்சுப் பார்த்தோம். கிளம்பல. பிளக்கைக் கழட்டினா நனைஞ்சிருந்தது. அப்போ பெட்ரோல் வருது. அதோட, பெட்ரோல் குறைஞ்சா வண்டி பெரும்பாலும் இழுத்து இழுத்துத்தான் நிக்கும். இது சுவிட்சைப் போட்ட மாதிரி நின்னுது.

பிளக்கைத் துடைச்சு, கேப்ல மாட்டி, அதோட இரும்பு உடம்பு எஞ்சின்ல படுற மாதிரி வச்சு உதைச்சோம். பொறி இல்ல. (பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதுக்குப் பக்கத்துல வச்சு இதைச் செய்யாதீங்க.) இதே சோதனையைக் காலையில எஞ்சின் குளிர்ந்திருக்கப்போ செஞ்சப்ப பளிச்சுன்னு நீலப் பொறி வந்துச்சு. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். வெளியில பொறி வந்தாலே எல்லாம் சரின்னு அர்த்தம் இல்ல. சிலிண்டருக்குள்ள அழுத்தத்துல அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேணும்.

இந்த வகை வண்டியில இக்னிஷனுக்கு பேட்டரி தேவையில்ல. சக்கரம் மாதிரி சுத்துற மேக்னெட்டுக்குள்ள ஒரு எக்ஸைட்டர் காயில் இருக்கும். ஃபாரடே 1831ல கண்டுபிடிச்ச அதே மின்தூண்டல்தான். அந்தக் காயில்ல உண்டாகிற மின்சாரம் சிடிஐக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணும். பிக்கப் காயில் சிக்னல் குடுத்ததும் கெப்பாசிட்டர் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலுக்குள்ள கொட்டும். அங்க அது ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏறி பிளக்குக்குப் போகும்.

வண்டியை நிறுத்துற சுவிட்ச், அந்த எக்ஸைட்டர் மின்சாரத்தை எர்த் பண்ணிவிடும். அந்த ஒயர் எங்கயாவது உரசி பாடியில பட்டாலும் பொறி போயிடும். அதனால சுவிட்ச் ஒயரைக் கழட்டிவிட்டு உதைச்சோம். அப்பவும் இல்ல.

மிச்சம் மூணு: எக்ஸைட்டர், பிக்கப், சிடிஐ. சிடிஐ கனெக்டரைக் கழட்டி, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு காயிலையும் பார்த்தோம். மேக்னெட்டைத் திறக்கவே வேண்டாம். பிக்கப் காலையில காட்டினதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டுச்சு. அது இயல்பு. தாமிரத்தோட மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும்னு முதல் வருஷம் படிச்சிருக்கோம். 60 டிகிரி சூடானா கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். ஆனா காலையில சில நூறு ஓம்ஸ் காட்டின எக்ஸைட்டர் இப்போ ஓ.எல். காட்டுச்சு. சர்க்யூட்டே இல்ல. மீட்டரை எடுக்காம அப்படியே உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் ஆற ஆற, ஒரு கட்டத்துல திடீர்னு பழைய எண் வந்துச்சு. உடனே இணைப்பெல்லாம் மாட்டி உதைச்சா பொறியும் வந்துச்சு.

வருஷக்கணக்கா சூடாகி ஆறி, காயில் கம்பியில எங்கயோ முடி மாதிரி ஒரு விரிசல். சூட்டுல விலகுது, ஆறினா ஒட்டுது. மறுநாள் புல்லர் போட்டு மேக்னெட்டைக் கழட்டி, காயில் கட்டுற கடையில குடுத்துப் புதுசாச் சுத்தி வாங்கினோம். இதுக்கு ஆன செலவு, ஏற்கெனவே மாத்தின இக்னிஷன் காயில் விலையைவிடக் கம்மி. அந்த வாரத்துலேருந்து இலைக்கட்டு நேரத்துக்குப் போகுது. சிடிஐக்கு எடுத்து வச்சிருந்த காசு பின்டயருக்குப் போச்சு.

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்ப ஒரு பிளக் ஸ்பானரும் மல்டிமீட்டரும் பையில போட்டுக்கோங்க. குளிர்ந்திருக்கப்போ எல்லாக் காயிலோட ஓம்ஸையும் ஒரு தாள்ல குறிச்சு வச்சுக்கோங்க. பழுது வந்த நிமிஷத்துல அதே அளவுகளைத் திரும்ப எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, எந்த பார்ட்டை மாத்த வேண்டாம்னாவது தெரிஞ்சிடும்.