பின்பாரம் குறைந்தால் வண்டி கைக்கு வரும்... அரிசோனா பாலைவனத்தில் ஒரு மோட்டார்ஹோம் வைத்தியம்!

கோடையில் 45 டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தும் ஊர் அது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். ஆனால் ஜனவரியில் போய்ப் பாருங்கள்... கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டி, வண்டி, வண்டி!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது குவார்ட்ஸைட். பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்து குளிர்காலம் முழுக்க இங்கே தங்கிவிடுகிறார்கள். வீடு என்றால் மோட்டார்ஹோம். நம் ஊர் ஷூட்டிங்கில் ஹீரோவுக்காக நிற்குமே கேரவன், அதற்கு அண்ணன். கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு.

ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில் 11,000 ஏக்கருக்கு மேல் அரசு நிலம் விரிந்து கிடக்கிறது. பெர்மிட் வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்கலாம். கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது. பகலில் சோலார், ராத்திரியில் நட்சத்திரம்.

இந்த ஊர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிரமிடு இருக்கிறது. உச்சியில் ஒட்டகம்! 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றோடு கப்பலில் வந்தவர் ஹாஜி அலி. பெயர் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' என்றே ஆக்கிவிட்டார்கள். 1902-ல் அவர் இங்கேதான் இறந்தார். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து போனால் எப்படி ஆடும் என்று தெரிய வேண்டுமா? என் பெரியப்பாவின் வண்டியில் ஏறினால் போதும் என்பார் பெரியம்மா.

பெரியப்பா கரூர்க்காரர். ஃபீனிக்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றதும் 34 அடி நீளத்தில் ஒரு 1997 மாடல் மோட்டார்ஹோமை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அடியில் இருப்பது ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ். ஃபோர்டு சேஸிஸை மட்டும் கொடுக்கும், மேலே வீட்டைக் கட்டுவது வேறு கம்பெனி. "நம்மூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டறாங்கள்ல, அதேதான் கண்ணு" என்று பெருமையாகச் சொல்வார். முன்னாலும் பின்னாலும் லாரி போலவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். சுமை தாங்கும். ஆனால் சொகுசு?

ஃபீனிக்ஸிலிருந்து இங்கே வரும் ஐ-10 நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகலாம். பெரியப்பா 95-ல்தான் போனார். பக்கத்தில் ஒரு டிரெய்லர் லாரி முந்தும்போதெல்லாம், முதலில் அது தள்ளும் காற்று வண்டியை ஓரமாகச் சாய்க்கிறது. லாரி பாதி தாண்டியதும் உள்பக்கமாக இழுக்கிறது. பெரியப்பா வலப்பக்கம் திருப்புகிறார், வண்டி கொஞ்சம் தாமதித்துத் திரும்புகிறது, உடனே இடப்பக்கம் ஒடிக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதே வேலை! இறங்கும்போது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

பெரியம்மாவோ வழிநெடுக ஜன்னலோரக் கைப்பிடியை விடவே இல்லை. வந்து இறங்கியதும் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஏனுங்க, நாப்பது வருசமா நீங்க கூப்பிட்ட பக்கமெல்லாம் வந்தேன். இந்த வண்டியில இனி வரமாட்டேன். வித்துப்போடுங்க. நான் பஸ் புடிச்சு வந்துக்கிறேன்."

ரிட்டயர்மென்டுக்குப் பிறகு நாட்டைச் சுற்ற வேண்டும் என்று இருவரும் சேர்ந்து போட்ட திட்டம், ஒரே பயணத்தில் ஊசலாடியது.

ஜனவரியில் இங்கே பெரிய கூடாரம் போட்டு மோட்டார்ஹோம் கண்காட்சி நடக்கும். ஸ்டீயரிங் ஆடாமல் இருக்க ஒரு டேம்பர், ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை, புது ஷாக் அப்சார்பர் என்று பெரியப்பா எழுதிய பட்டியல் ஆயிரக்கணக்கான டாலரைத் தாண்டியது. பக்கத்து வண்டிக்காரர் கனடாக்காரர். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எடை போட்டுப் பார்த்தீங்களா?"

நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்புகளில் லாரி எடை மேடைகள் உண்டு. முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை காட்டும். சில டாலர்தான். போட்டுப் பார்த்தால், பின் அச்சு தாங்கக்கூடிய உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன் அச்சிலோ நிறைய இடம் பாக்கி.

பின்னால் என்னதான் இருக்கிறது? கல்! குவார்ட்ஸைட் என்றாலே கல் சந்தை. அமெதிஸ்ட், அகேட், கல்லாகிப் போன மரம் என்று மேசை மேசையாகக் கொட்டி விற்கிறார்கள். பெரியப்பா போன சீசனிலிருந்து வாங்கிச் சேர்த்தது கிட்டத்தட்ட 150 கிலோ, பின் சக்கரங்களுக்கும் பின்னால் உள்ள பெட்டியில் கிடந்தது. கூடவே டூல் பாக்ஸ், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். இங்கேயும் அதேதான். பின் அச்சுக்கு அப்பால் ஏறும் சுமை முன் சக்கரங்களைத் தூக்கிவிடுகிறது. சாலையை அழுத்திப் பிடிக்காத சக்கரம், ஸ்டீயரிங் சொல்வதை எப்படிக் கேட்கும்?

பெரியப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "கல்லா, நானா? முடிவு பண்ணிக்கோங்க" என்றார் பெரியம்மா. பாதிக் கற்கள் அன்று மாலையே சந்தைக்குத் திரும்பின, வாங்கிய விலையில் பாதிக்கு. டூல் பாக்ஸ் நடுப்பகுதிக்கு வந்தது.

அடுத்தது டயர். யாரோ ஒரு கடையில், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்கே காற்று அடித்திருந்தார்கள். அது அந்த டயர் முழுச் சுமையைத் தாங்கும்போது வேண்டிய அழுத்தம். சுமை குறைவாக இருக்கும்போது அவ்வளவு அடித்தால் டயர் பந்து மாதிரி விறைத்துக்கொண்டு துள்ளும். டயர் கம்பெனிகள் எடைக்கு ஏற்ற அழுத்த அட்டவணை தருகின்றன. காலையில், டயர் சூடாகும் முன், அதைப் பார்த்துச் சரிசெய்தோம். டயரிலேயே தயாரித்த தேதியும் இருக்கும். கடைசி நான்கு எண்கள் 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம். அதிகம் ஓடாத வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும் என்பதால், இந்த எண்ணைப் பார்ப்பது முக்கியம்.

பிறகு எனக்கும் ஒரு வேலை வந்தது. இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். பெரியப்பா ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, நான் தரையில் படுத்து எந்த ஜாயின்ட் சும்மா ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கவே இல்லை. "ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது" என்று கனடாக்காரர் மூன்று முறை சொன்னார். டை ராட் முனைகள் நன்றாகவே இருந்தன. சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்வே பாரின் ரப்பர் புஷ்தான் வெயிலில் காய்ந்து, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

வளைவிலும் காற்றிலும் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்வே பார். புஷ் போனால் அது வேலை செய்வதற்கு முன்பே வண்டி பாதி சாய்ந்திருக்கும். புது பாலியூரித்தேன் புஷ் போட்டார்கள். எஃப்-53 வைத்திருப்பவர்களிடம் பிரபலமான ஒரு வேலையும் இருக்கிறது. கம்பியின் முனையில் இரண்டு துளைகள். இணைப்பை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றினால், அதே கம்பி இன்னும் விறைப்பாகப் பிடிக்கும். பொருள் செலவே இல்லை!

ஸ்டீயரிங் பாக்ஸ் மேலிருக்கும் ஸ்க்ரூவை முறுக்கினால் ப்ளே போய்விடாதா என்று பெரியப்பா கேட்டார். அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டீயரிங் இறுகி, திருப்பிய பிறகு தானாக நேருக்கு வராது என்று கையைத் தட்டிவிட்டார் கனடாக்காரர். டேம்பரும் அப்படித்தான். உதறலைக் குறைக்கும், ஆனால் தேய்ந்த பாகத்தைச் சரிசெய்யாது. சொல்லப்போனால், தேய்மானத்தை மறைத்துவிடும்.

இரண்டு நாள் கழித்து 95-ம் நம்பர் சாலையில் வடக்கே பார்க்கர் வரை ஒரு சோதனை ஓட்டம். 56 கிலோமீட்டர். பெரியம்மா வரவில்லை. பெரியப்பா வழியில் ஒன்றுமே பேசவில்லை. பார்க்கரில் காபி வாங்கும்போதுதான் சொன்னார், "கண்ணு, ஒரு கையில புடிச்சாலே போவுது. ஆனாலும் ரெண்டு கையிலதான் புடிப்பேன்."

வீடு திரும்பும் நாளில் பெரியம்மா பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. ஐ-10-ல் முதல் டிரெய்லர் லாரி முந்தியபோது கைப்பிடியைப் பற்றினார். வண்டி ஒருமுறை அசைந்து, உடனே நிலைக்கு வந்தது. நாலாவது லாரிக்குக் கையை எடுத்து, மடியில் இருந்த ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்.

ஆட்டம் முழுசாகப் போய்விடவில்லை. பலமான பக்கக் காற்றில் பின்பகுதி இன்னும் கொஞ்சம் நகர்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் உடம்பு பக்கவாட்டில் நழுவுவதால் வருவது அது. அச்சையும் சேஸிஸையும் குறுக்காக இணைக்கும் ட்ராக் பார் போட்டால் குறையும். அதோடு, லாரிகளுக்கு வீல் அலைன்மென்ட் செய்யும் கடையில் காஸ்டர் கோணத்தையும் பார்க்க வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டாலும் நேராகப் போகிறது, அந்தச் சாய்வுதான் காஸ்டர். வழக்கமான சாமான்களை ஏற்றிய நிலையிலேயே வண்டியைக் கொண்டுபோக வேண்டும், காலியாக அல்ல.

ஃபீனிக்ஸில் இரண்டுக்கும் சேர்த்து தேதி வாங்கிவிட்டார் பெரியப்பா. அது முடிந்ததும் கிராண்ட் கேன்யன். அடுத்த ஜனவரியில் மறுபடி குவார்ட்ஸைட். வாங்கும் கல் தன் ஹேண்ட்பேக்குக்குள் அடங்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கண்டிஷன். அந்த ஹேண்ட்பேக் மிகச் சிறியது.