புடவையில் வந்த விருந்தாளிகள்

ஆரணியில் பட்டு எடுத்துவிட்டு அப்படியே திருமலைக்கும் போய்வரலாம் என்று சொன்னது நான்தான். அதற்கான தண்டனையைப் பிறகு சொல்கிறேன்.

பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். தன் கல்யாணப் புடவையின் கரை மாதிரியே வேண்டுமென்று, 30 வருஷத்து ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டே தை மாசத்தில் கிளம்பினாள் என் மனைவி. தறிக்காரர் முந்தானையைத் தடவிப் பார்த்து, "இந்த நயம் இப்ப வராதும்மா" என்றதில் அவளுக்கு ஏகப் பெருமை.

போளூர் ரோட்டில் வடமாதிமங்கலம் வந்து உள்ளே திரும்ப வேண்டும். ஏழுமலையான் ஞாபகத்தில் மொட்டைக்குத் தயாராகிவிடாதீர்கள். இது சமணர்களின் திருமலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பெயரில் ஜினாலயம். மேலே, பாறையில் செதுக்கிய 16 அடி நேமிநாதர். ராஜேந்திர சோழன் கங்கை வரை ஜெயித்த விவரமும் இங்கே கல்லில் இருக்கிறது.

எல்லாம் பார்த்துவிட்டு, அடிவாரத்துப் புல்லில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டு எழுந்தவள் "ஐயோ!" என்றாள். பட்டின் கரை பூராவும் முள்ளு முள்ளாக விதை! ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கூடவே ஒரு ஜரிகை இழையும் வந்தது. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நேமிநாதர் மாதிரி அசையாமல் நின்றேன்.

அந்தப் பக்கம் ஆடு மேய்த்த கிழவிதான் காப்பாற்றினாள்.

"இன்னா சாமி, இழுக்கிறியே! நாயுருவின்னா இழுக்கலாம். இது ஊசிப்புல்லு. ஆட்டுத் தோலையே துளைக்கும். போற பக்கமே தள்ளி எடுக்கணும்."

நிதானமாக ஒவ்வொன்றையும் முன்பக்கமாகத் தள்ளி, மறுபுறம் வாங்கினாள். ஒரு இழை அறவில்லை. காரணம் சுலபம். விதையின் தலை ஊசி மாதிரி இருக்கும். அதில் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்கள். உள்ளே போக விடும், திரும்பி வர விடாது.

பிறகு என் உள்ளங்கையில் ஒரு விதையை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அதன் முறுக்கிய கரிய வால் மெள்ளத் திரும்ப ஆரம்பித்தது! ஈரம் பட்டால் முறுக்கு பிரியும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ராத்திரிப் பனி, பகல் வெயில் என்று மாறி மாறித் திருகியே விதை தன்னைத்தானே மண்ணுக்குள் இறக்கிக்கொள்கிறது. ஏர் இல்லை, கூலி இல்லை. நடவு முடிந்தது!

சமண முனிவர்கள் பசும்புல்லை மிதிக்க மாட்டார்கள். உட்காருமுன் மயிற்பீலியால் தரையைப் பெருக்குவார்கள். உயிர்களுக்காகத்தான். திகம்பரர்களுக்கு உடையே கிடையாது என்பதால் விதைக்கும் ஓசிச் சவாரி கிடையாது. நம்மைப் போல எட்டு முழமும் ஆறு கஜமும் கட்டுகிறவர்கள்தான் அதற்குப் பஸ்.

டார்வின் ஒரு கௌதாரியின் காலில் ஒட்டியிருந்த மண்ணுருண்டையை வாங்கி, நனைத்து வைத்துப் பார்த்தார். அதிலிருந்து 82 செடி முளைத்தது. கௌதாரிக்கே அப்படியென்றால், ஆறு கஜத்துக்கு?

சென்னை வந்ததும் கொசுவத்தில் ஒளிந்திருந்த மிச்சத்தை உதறிவிட்டு, துணிக்கொடியில் காற்றாடப் போட்டாள். கொடிக்குக் கீழேதான் என் செல்லப் புல்தரை. இருபதுக்குப் பத்தடி, அழகாக இருக்கட்டுமென்று ஒட்ட வெட்டி வைப்பேன். அதுதான் தப்பு. புல் அடர்ந்து நின்றால் தரையில் வெளிச்சம் விழாது. பல களை விதைகள் வெளிச்சம் பட்டால்தான் கண் விழிக்கும். நான் மொட்டையடித்து, திட்டுத் திட்டாக மண் தெரிய, பாய் விரித்து வைத்திருந்தேன்!

போதாததற்கு மக்காத எரு வேறு வாங்கிக் கொட்டினேன். மாடு தின்ற விதையில் ஒரு பங்கு வயிற்றில் சாகாமல் சாணியோடு வெளியே வரும். நன்றாக மக்கினால்தான் அந்தச் சூட்டில் சாகும். செம்மண் லோடில் கோரைக்கிழங்கு தனியாக வந்தது. பார்த்தீனியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெக்ஸிகோ பக்கத்துச் சரக்கு. 1950-களில் புனேயில் கண்ணில் பட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ராஜேந்திரனுக்காவது படை தேவைப்பட்டது.

ஆடி மழைக்கு, கொடிக்கு நேர் கீழே வரிசை பிடித்தாற்போல நாயுருவி. நடுநடுவே ஊசிப்புல்.

"பிடுங்கிடட்டுமா?" என்றேன்.

"எங்கம்மா எடுத்துக் குடுத்த புடவையில வந்தது. இருக்கட்டும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்யாணத்தன்று போட்டோகிராபர், "மேடம், புதுப் பட்டோட இந்தப் புல்லுல உக்காருங்க" என்று பெண்ணைக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கம் போகாதேடி!" மாடியிலிருந்து அலறினாள் என் மனைவி.