காய்ச்சல் விட்டுச்சென்றது

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரப் பழங்குடிக் குடியிருப்புகளில் சில குழந்தைகளுக்குத் திடீரென்று கைகால் மூட்டுகளில் வலி பிடிக்கும், நாள்கணக்கில் துடிக்கவைக்கும். உருண்டு வழுக்கி ஓடவேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால் வரும் வலி. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-வது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் அணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் எழுதினார்கள். குழந்தைகளைக் கொல்லும் மரபணு இத்தனை தலைமுறை தாண்டி ஏன் மறையவில்லை? 1954-இல் ஆண்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் விடை கண்டார். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்ற பிள்ளையை மலேரியா எளிதில் சாகடிப்பதில்லை. கொசு மண்டிய காட்டில் இது இல்லாத பிள்ளைகள் பலர் காய்ச்சலில் போனார்கள். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைகள் அரிவாள் அணுச் சோகையில் போனார்கள். ஒன்று மட்டும் பெற்றவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பேறிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. இயற்கைத் தேர்வு பிழைத்தவர்களின் வழியாகத்தான் நடக்கிறது. நான்கில் ஒன்றான அந்தக் குழந்தையின் வலி அதன் கணக்கில் வருவதேயில்லை. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

"எங்க ரத்தமே கெட்டதுங்கிறாங்களே சார், நெசமா?" என்று ஒரு தாய் கேட்டார். இல்லையம்மா, காய்ச்சலில் அழிந்துபோகாமல் உங்கள் முன்னோரைக் காத்ததே இந்த ரத்தம்தான் என்றேன். அவர் மடியில் கிடந்த பிள்ளைக்கு அந்தப் பதில் உதவாது என்பதும் தெரிந்தே சொன்னேன்.

மலேரியா இன்று வெகுவாக அடங்கிவிட்டது. அது இருந்தவரை கிடைத்த காப்பு இனித் தேவையில்லை. விலையை மட்டும் இன்னும் செலுத்துகிறார்கள். ஒற்றை மரபணு உள்ளவர்கள் நலமாகவே வாழ்வதால் அது அவர்களிடம் மறைந்திருந்து, மிக மெதுவாகத்தான் குறையும். இந்த நோயை 2047-க்குள் ஒழிக்க நடுவண் அரசு 2023-இல் திட்டம் தொடங்கியிருக்கிறது. பரிசோதனை அட்டை கொடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. பிறந்த குழந்தைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். தொற்றைத் தடுக்கப் பெனிசிலின் தர வேண்டும். வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை, பேருந்து ஏறிப் போகாமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதந்தோறும் கிடைக்க வேண்டும்.