ஓமத் தண்ணீர்

வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கும்படி வாத்தியார் சொன்னால் போதும்; சிறு வயதில் எனக்கு வயிற்றைப் பிசையும். அம்மா வைத்தியரிடம் அழைத்துப் போவாள். அங்கே போய் நின்றதும் வலி மாயமாகிவிடும். "எப்படி இருக்கிறது?" என்பார். "ஒன்றுமில்லை" என்பேன். அது பொய்யுமல்ல, வைத்தியர் வீட்டில் என்னைப் பாடம் வாசிக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலைக்காரர்கள் செய்திருக்கும் காரியத்தைப் படித்தபோது இது ஞாபகம் வந்தது. ஓயாமல் பயப்படும் குழந்தைகளுக்கு மனோதத்துவ சிகிச்சை உண்டு. பயப்படும் காரியத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழகுவது அதில் முக்கியமான மருந்து. ஆனால் பயம் என்ன, சிகிச்சை நாள் பார்த்தா வருகிறது? அதற்காகக் கைபேசியில் 'ஸ்மார்ட்கேட்' என்று ஒரு செயலி. 2014-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று என்ன நேர்ந்தது, மனம் என்ன சொல்லிற்று, நீ என்ன செய்தாய் என்று குழந்தையை அது வீட்டிலேயே கேட்கிறது. பதில் சிகிச்சை செய்பவருக்குப் போய்விடுகிறது. அடுத்த தடவை குழந்தை "ஒன்றுமில்லை" என்று சாதிக்க முடியாது.

யந்திரம் தனியே குணப்படுத்திவிடும் என்று நான் நம்பவில்லை; அவர்களும் அதைச் சிகிச்சைக்குத் துணையாகத்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தை எழுதியதைப் படிக்க அந்தப் பக்கம் ஒரு மனுஷர் இருக்கிறாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

எனக்கு வாய்த்தது ஓமத் தண்ணீர். மூன்று வருஷம் குடித்தேன்.