கட்டின காசு

நவம்பர் 18

ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர். குளிர்கிடங்கை ஜொகூருக்கு மாற்றுகிறார்களாம்.

நவம்பர் 19

இரவு நானும் மனைவியும் மகனிடம் சொன்னோம். "நிசேக்கோ பயணத்தை விட்டுடலாமாப்பா?" என்று அவனே கேட்டான். விடுதி, பனிச்சறுக்கு வகுப்பு எல்லாவற்றுக்கும் ஜூன் மாதமே பணம் கட்டியாயிற்று, திருப்பித் தரமாட்டார்கள். "கட்டின காசு போனது போனதுதான், போய்ட்டே வருவோம்" என்றாள் இவள். எனக்கு எரிச்சல். வேலையில்லாதவன் ஜப்பானில் போய்ச் சறுக்கினால் ஊர் என்ன சொல்லும்? ஊர் என்று நான் சொல்வது எங்கள் புளோக்கின் மின்தூக்கியை.

நவம்பர் 25

வேலை இழந்தோருக்கு அரசாங்கம் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தருகிறது. மாதச் சராசரி 5,000 வெள்ளிக்கு மேல் வாங்கியவர்களுக்குக் கிடையாது. நான் கொஞ்சம் மேலே.

டிசம்பர் 6

முஸ்தபாவில் கையுறை வாங்கினோம். குளிரங்கி மூன்றும் எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவின் இரவல். ஜூரோங் ஈஸ்ட் ஸ்னோ சிட்டி ஞாபகம் வந்தது. 2000இல் திறந்த இடம், உள்ளே மைனஸ் 5. சின்னவனாக இருந்த மகன் ரப்பர் வளையத்தில் சறுக்கினான், நான் வெளியே நின்றேன். மைனஸ் 18இல் வேலை பார்ப்பவன் விடுமுறையிலும் காசு கொடுத்துக் குளிருக்குப் போவானா?

டிசம்பர் 15, நிசேக்கோ

சைபீரியக் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹொக்கைடோவில் பனியாகக் கொட்டுகிறது. அள்ளினால் கனமில்லை, ஊதினால் பறக்கிறது. கிடங்குக் குழாய்களில் படிந்ததைச் சுரண்டிப் பழகிய கை இது. இங்கே இருப்பது வேறு சரக்கு.

எதிரே யோத்தேய் மலை, 1,898 மீட்டர். நம் புக்கிட் தீமா 163. எங்களை விட்டதோ குழந்தைகள் பழகும் சரிவில். நகரும் கம்பளம் ஒன்று மேலே கொண்டுபோய் விடுகிறது.

ஆசிரியை ஆஸ்திரேலியப் பெண், மகன் வயதுதான். பலகைகளின் முனைகளை ஒட்டவைத்து, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். பீட்சாத் துண்டு என்கிறாள். சமதரையில் எனக்கும் வந்தது. சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால் முனை லேசாகிவிடும், பலகை பேச்சைக் கேட்காது, வேகமும் கூடும். விழுந்தேன். எழுந்து மறுபடி சாய்ந்தேன், மறுபடி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு காலணியில் அழுந்தவேண்டும் என்கிறாள். அதாவது எந்தப் பக்கம் பார்க்கப் பயமோ அந்தப் பக்கமே சாயவேண்டும். இடது பக்கம் திரும்ப வலது காலில் எடையைப் போடவேண்டும். இந்த வயதில் இதையெல்லாம் உடம்பு நம்புமா?

மூன்று மணி வாக்கில் ஒரு தடவை பிடி கிடைத்தது. இடதுபுறம் வளைந்து, விழாமல் நின்றேன். இவள் தேநீர் குடிக்கப் போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 16

இவள் என்னைவிட நன்றாகச் சறுக்குகிறாள்.

டிசம்பர் 17

மகன் பழகுவது ஸ்னோபோர்டு. புதியவர்கள் கையை ஊன்றி விழுந்துதான் மணிக்கட்டை உடைத்துக்கொள்வார்கள் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். ஊன்றித்தான் விழுந்தான். வீக்கம் மட்டும், முறிவில்லை.

இரவு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "வீட்டுக் கடனைக் கொஞ்ச நாள் நான் பாத்துக்கிறேன்பா" என்றான். வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. முதலில் கையைப் பார் என்றேன். தூக்கம் வரவில்லை.

ஜனவரி 9

பொங்கோல் கோஸ்ட் நிலையத்தில் இறங்கி மின்னிலக்க வட்டாரத்தைச் சுற்றினேன். கழுத்தில் அட்டை தொங்காத ஆள் நான் ஒருவன்தான்.

ஜனவரி 13

தேக்காவில் கரும்பு, இஞ்சிக்கொத்து, மஞ்சள்கொத்து. லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோலுக்கு ஒரே ரயில் என்பதன் அருமை கரும்போடு வருகிறவனுக்குத்தான் தெரியும். பழைய கிடங்கு ஆள் ஒருவர் எதிரே வந்தார். நானே கூப்பிட்டு, "வேலை இருந்தா சொல்லுங்கண்ணே" என்றேன்.

ஜனவரி 20

அவர் சொல்லி அனுப்பிய இடம். சின்னக் கிடங்கு, இரவுப்பணி மேற்பார்வை. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். நேர்காணலில் அதைச் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. சம்பளம் பழையதில் பாதிக்குச் சற்று மேல். வேண்டாங்க, உடம்பு கெட்டுடும் என்கிறாள் இவள். இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்கப்பா என்கிறான் மகன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.