நாலெழுத்துப் பெயரும் எட்டுக் கேள்விக்குறியும்

 

பரிசளிப்பு விழாச் சான்றிதழ்களை அச்சிட, உயர்தரப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் ஒரு சிறிய மென்பொருள் செய்தோம். பெயர் பதியும் திரை சி ஷார்ப்பில். அச்சுக்கு அனுப்பும் பகுதி, முந்திய வருடப் பிள்ளைகள் சி மொழியில் எழுதிவைத்தது. 'பாத்திமா' என்று பதிந்தோம். தாளில் வந்தது: ????????

விழாவுக்கு இரண்டு நாள்தான். பின்னேரம் லிங்கநகர் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு மாணவி எண்ணிப் பார்த்தார்: "சேர், பெயரில் நாலு எழுத்து. இங்கே எட்டுக் கேள்விக்குறி."

அதுதான் துப்பு. யூனிகோட்டில் 'பா' என்பது ப ஒன்று, அரவு ஒன்று. 'த்' என்பது த ஒன்று, குற்று ஒன்று. 'தி'யும் 'மா'வும் அப்படியே. ஆக எட்டுக் குறிகள். எட்டும் சி ஷார்ப்பின் வாசல்வரை ஒழுங்காக வந்து, சி பக்கம் கடக்கும்போது தொலைந்திருக்கின்றன.

எந்த வடிவில் கொடுப்பது என்று நாம் சொல்லாவிட்டால், சி ஷார்ப் சரத்தை ஆன்சி என்ற பழைய வடிவுக்கு மாற்றித்தான் சியிடம் கொடுக்கும். விண்டோஸின் அந்த அட்டவணைகளில் தமிழுக்கு இடமே இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி. சொல்லாமல் விட்டது எங்கள் பிழை.

இரு பக்கமும் யுடிஎஃப்-8 என்று எழுதினோம். இப்போது 'பாத்தி'வரை வந்து, பெயர் அறுந்து நின்றது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். எட்டுக்கு 24, முடிவைக் காட்டும் பூச்சியத்துக்கு 1, மொத்தம் 25. ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து சி பகுதியில் ஒதுக்கியிருந்த இடமோ 20. அதைப் பெருப்பித்த பிறகுதான் முழுப் பெயரும் வந்தது.

இன்னொன்றும் படித்தோம். சி ஷார்ப் தன் நினைவகத்தைத் தானே துப்புரவு செய்யும்; சி செய்யாது. சி ஒதுக்கிய இடத்தை சியே விடுவிக்க வேண்டும். மாறி விடுவித்தால் மென்பொருளே விழுந்துவிடும். யாருடைய பொருள், யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அமானிதம் என்று நாம் சொல்வதும் இதைத்தானே.

விழாவில் சான்றிதழை வாங்கிய உம்மா முதலில் தடவிப் பார்த்தது பிள்ளையின் பெயரைத்தான்.

கடைக்கும் பள்ளிவாசலுக்கும் சங்கங்களுக்கும் மென்பொருள் செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்தது என்று சொல்லுமுன், நீளமான தமிழ்ப் பெயர் ஒன்றைப் போட்டு, அது மறுபக்கம் முழுதாய்ப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.